ஒழுகும் கூரையும் ஒரு வாடகைச் சட்டமும்

எழுபதுகளின் பிற்பகுதியில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தோம். மழை இருட்டிக்கொண்டு வந்தால் அம்மா குசினியிலிருந்து சட்டிகளையும் வாளிகளையும் எடுத்து வருவார். எந்த ஒழுக்குக்கு எந்தச் சட்டி என்பது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

அது ஓட்டு வீடு. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையின் வழியே தென்னிந்தியக் கரையெங்கும் பரவிய தட்டையோடு, இலங்கையில் 'கள்ளிக்கோட்டை ஓடு' என்ற பெயரில் நிலைத்தது. ஓட்டுக்கூரை நெடுங்காலம் நிற்கும். ஆனால் ஆண்டுக்கொரு தடவையேனும் ஒருவர் மேலே ஏறவேண்டும். வெடித்த ஓட்டை மாற்றி, முகட்டோட்டின் சாந்தைப் பூசி, பீலியில் அடைந்த சருகை அள்ளவேண்டும். இதைச் செய்யாவிட்டால் நீர் சிலாகையில் ஊறும். சிலாகை உக்கினால் ஓடு சரியும். பின்னர் கைமரத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும். ஒரு நாள் வேலையாக இருந்தது, சில ஆண்டுகளில் கூரை முழுவதையும் இறக்கி ஏற்றும் வேலையாகிவிடும்.

அப்பா வீட்டுக்காரருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். கடைசியில் அவரே நேரில் வந்தார். அண்ணாந்து பார்த்துவிட்டு, "நீங்கள் தரும் வாடகை சோலைவரிக்கே காணாது, நான் எதைக் கொண்டு கூரை போடுவது?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவரைக் கல்நெஞ்சர் என்றே நாங்கள் நெடுநாள் எண்ணியிருந்தோம். பத்திரிகைக்கு வந்து பழைய சட்டங்களைப் புரட்டிய பின்னரே, அந்தக் கூரையின் கதை எங்கள் வீட்டுக்கு மிக முன்னரே தொடங்கியதென அறிந்தேன்.

1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. போர்க்கால நெருக்கடியில் வாடகை கட்டுக்கடங்காது ஏறாதிருக்க, அவ்வாண்டு 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. போர் முடிந்தும் அது மறையவில்லை. 1948இல் 29ஆம் இலக்கச் சட்டமாகத் தொடர்ந்தது. 1972இல் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமாக இறுகியது. வாடகை பழைய மதிப்பீட்டோடு கட்டப்பட்டது. குடியிருப்பவரை எழுப்புவதற்குரிய காரணங்கள் குறுக்கப்பட்டன. அவர் இறந்தாலும் குடியுரிமை குடும்பத்தவருக்குத் தொடர வழி இருந்தது. 1973இன் 1ஆம் இலக்க வீட்டாதன உச்சவரம்புச் சட்டம், அளவுக்கு மேற்பட்ட வீடுகளை உடைமையாளரிடமிருந்து அரசு எடுக்க வகை செய்தது. நாளை தன் கையைவிட்டுப் போகக்கூடிய வீட்டுக்கு இன்று எவர் ஓடு வாங்குவார்?

இச்சட்டங்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. எங்கள் குடும்பம் உட்படப் பல்லாயிரம் நடுத்தர, ஏழைக் குடும்பங்கள் நகரில் தலைசாய்க்க முடிந்தது அவற்றாலேயே. உரோமன் டச்சுச் சட்டப்படி வாடகை வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் வைத்திருப்பது உடைமையாளரின் கடமை. அறிவித்தும் அவர் செய்யாவிடில், அவசியமான திருத்தத்தைக் குடியிருப்பவர் செய்து வாடகையிற் கழிக்கலாம். ஆனால் அற்ப வாடகையிற் கழித்து ஒரு கூரையின் செலவை மீட்பதற்கு எத்தனை ஆண்டுகள் செல்லும்? மறுபுறம், வாடகைக்கு விட்ட கட்டடம் முற்றாக அழிந்தால் வாடகை உறவும் அற்றுப்போகும் என்பதும் அதே சட்டத்தின் பொதுக்கொள்கை. எழுப்ப முடியாத குடியை மழை எழுப்பிவிடும் என்று காத்திருந்த உடைமையாளர்களும் இருந்தார்கள். குடியிருப்பவரோ, தமதல்லாத வீட்டில் ஏன் செலவழிக்கவேண்டும் என்றிருந்தார். இருவருக்கும் நியாயம் இருந்தது. கூரைக்குத்தான் ஆளில்லை.

1980ஆம் ஆண்டுத் திருத்தம் புதிய வாடகை வீடுகள் பலவற்றைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. எங்கள் பழைய வீட்டுக்கு அதனால் மாற்றமில்லை. 1983 யூலையில் உடுத்த உடையோடு அதைவிட்டு வெளியேறினோம். எந்த வாடகைச் சட்டமும் அன்று எங்களைக் காக்கவில்லை.

இப்பொழுது நானும் ஒரு வீட்டுக்காரன். யாழ்ப்பாணத்தில் பெற்றோர் விட்டுச்சென்ற சிறு ஓட்டு வீட்டில் ஓர் ஆசிரியை பிள்ளைகளோடு குடியிருக்கிறார். ஆண்டுக்கொரு ஒப்பந்தம், முடிந்ததும் வாடகையைக் கூட்டுவதோ புதுப்பிக்காது விடுவதோ என் விருப்பம். சென்ற முறை போனபோது விறாந்தையின் மூலையில் ஒரு வாளி இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். சிலாகை கறுத்திருந்தது.

"எவ்வளவு நாளா ஒழுகுது, பிள்ளை?"

"ரண்டு மாரியாச்சு, அண்ணை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவர் சற்றுத் தயங்கினார். "சொன்னா வாடகையைக் கூட்டிப்போடுவியளோ எண்டு பயமாய்க் கிடந்தது."

என் அப்பாவுக்கு எழுப்பிவிடுவார்கள் என்ற பயம் இல்லை. அதனால் கடிதம் எழுதினார். அவருடைய வீட்டுக்காரரிடம் திருத்தக் காசில்லை. என்னிடம் காசு இருந்தது. இந்தப் பெண்ணிடம் கேட்கும் துணிவு இல்லை. சட்டம் இறுகியிருந்த காலத்திலும் தளர்ந்த காலத்திலும் சட்டியும் வாளியும் அதே இடத்தில்தான் இருந்திருக்கின்றன.

மறுநாளே ஓடாவியாரை அழைத்து வந்தேன். பழுதான சிலாகைகளைக் கழற்றிப் புதியன அடித்து, இருபதுக்கு மேற்பட்ட ஓடுகளை மாற்றினார். இரண்டு வருடம் முந்திச் சொல்லியிருந்தால் நாலு ஓட்டோடு முடிந்திருக்கும் என்றார். நான் ஆசிரியையிடம் ஒரு கடதாசியில் இரண்டு வரி எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்: கூரைத் திருத்தம் என் பொறுப்பு, அதன் பொருட்டு வாடகை கூட்டப்படமாட்டாது. அவர் அதை வாங்கி இருமுறை வாசித்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.