‘ஆம்ஸ்கிவிங்’ என்றால் என்ன? செஞ்சி பக்கத்தில் சிவனே கையேந்திய கதை தெரியுமா?

அமாவாசை வந்தாலே செஞ்சி வழியாக மேல்மலையனூர் போகும் பஸ்களில் கூட்டம் அலைமோதும். அங்குள்ள அங்காளபரமேஸ்வரி கோயிலின் கதையே ஒரு பிச்சைப் பாத்திரத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. இல்லாதவருக்கு உணவோ காசோ கொடுப்பதை ஆங்கிலத்தில் ‘ஆம்ஸ்கிவிங்’ என்பார்கள். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

சொல்லின் பூர்வீகம்

‘ஆம்ஸ்’ என்றால் தர்மமாகத் தரும் பொருள், ‘கிவிங்’ என்றால் கொடுத்தல். கடைசியில் ‘எஸ்’ இருக்கே, பன்மையோன்னு நினைக்க வேண்டாம். பழைய ஆங்கிலத்தில் அது ஒருமைச் சொல். அதன் வேர் லத்தீன் வழியாக கிரேக்க மொழிக்குப் போகிறது. அங்கே அதன் முதல் அர்த்தம் ‘இரக்கம்’. இரக்கத்தால் கொடுக்கும் பொருளுக்கும் பிறகு அதுவே பெயரானது.

தமிழில் எப்படி?

தமிழில் கேட்கும் சொல்லே ஆளுக்கு ஆள் மாறும். தாழ்ந்தவர் ‘ஈ’ என்றும், சமமானவர் ‘தா’ என்றும், உயர்ந்தவர் ‘கொடு’ என்றும் கேட்பார்கள் என்கிறது தொல்காப்பியம். அந்த ‘ஈ’யிலிருந்து வந்ததுதான் ‘ஈகை’. திருக்குறளில் ஈகைக்கு ஒரு அதிகாரம் இருப்பது போல, பிறரிடம் கேட்க அஞ்சுவதைச் சொல்ல ‘இரவச்சம்’ என்றும் ஒரு அதிகாரம் உண்டு.

மேல்மலையனூரில் நடந்தது என்ன?

பிரம்மனின் தலையைக் கிள்ளிய சிவன் கையில் அந்த மண்டை ஓடு ஒட்டிக்கொண்டது. கிடைத்த பிச்சையை எல்லாம் அதுவே தின்றுவிட, சிவன் பசியோடு அலைந்தார். மேல்மலையனூரில் அம்மன் இரண்டு கவளத்தை ஓட்டில் போட்டு, மூன்றாவதைத் தரையில் இறைத்தாள். அதைத் தின்ன இறங்கிய கபாலத்தைக் காலால் மிதித்து அடக்கினாள் என்கிறது தலபுராணம்.

இதன் நினைவாகத்தான் மாசியில் மகா சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை நடக்கிறது. நெல், தானியம், காய்கறி என விளைந்ததை பக்தர்கள் சூறை விடுவாங்க.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 1945-லேயே பிச்சையெடுப்பதைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. ஆனால் பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவுகள் டெல்லியில் செல்லாது என்று அந்த மாநகரின் உயர் நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது.

கேட்பவர் தாழ்ந்தவரா, குற்றவாளியா என்ற கேள்வி இன்றும் ஓயவில்லை. மேல்மலையனூர் கதையிலோ கையேந்தி நின்றவர் சிவன்!