ஓதமும் ஆட்டப் பலகையும்

ஓதம் என்றால் என்னவென்று குன்னூர்க்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி பிறந்தால் தீப்பெட்டி நமுத்துப்போகும், உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், பீரோவில் தொங்கும் கம்பளிக் கோட்டில் பூஞ்சை பூக்கும். வீட்டைவிட மோசம் கார் ஷெட். பின்சுவர் மண்மேட்டை ஒட்டியிருக்கும். தரை எப்போதும் சில்லென்று இருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பலகையைக் கோணாமல் வைத்திருப்பது லேசான காரியமல்ல. மேஜை போட்டு ஆடியவர்கள் எல்லோரும் இந்தப் போராட்டத்தை நடத்தியிருக்கிறார்கள். அதில் ஒரு அத்தியாயம் நம் மலையிலும் நடந்தது.

முதலில் பில்லியர்ட்ஸ். 200 வருடங்களுக்கு முன்பு வரை அந்த மேஜையின் தளம் மரப்பலகைதான். மரம் நீளவாக்கில் அதிகம் மாறாது. குறுக்குவாக்கில் ஈரத்தைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் ஈரமானால் வளைந்துவிடும். மழைக்கால ஈரத்தில் நேராக ஓட வேண்டிய பந்து பக்கவாட்டில் நழுவும். 1826-இல் லண்டன் மேஜைத் தயாரிப்பாளர் ஜான் தர்ஸ்டன் மரத்தை விட்டுவிட்டு சிலேட்டுக் கல்லைத் தளமாகப் போட்டார். நாம் ஒன்றாம் வகுப்பில் எழுதிப் பழகிய அதே சிலேட்டுதான். கல்லை ஓதம் வளைக்காது.

அடுத்து அவர் 1835 வாக்கில் மேஜை ஓரத்துக்கு ரப்பர் வைத்தார். பந்து நன்றாகத் துள்ளியது, ஆனால் குளிர்காலத்தில் ரப்பர் கட்டையாக இறுகிவிட்டது. ஆட்டத்துக்கு முன் வெந்நீர் நிரப்பிய தகரப் பெட்டிகளை ஓரத்தில் வைத்துச் சூடேற்ற வேண்டியிருந்தது. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் 1840-களில் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

இப்போது நம் ஊட்டிக்கு வருவோம். 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் ராணுவ அதிகாரி பில்லியர்ட்ஸ் மேஜையில் கூடுதலாக வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஒரு புது ஆட்டம் ஆடினார். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லின் வேறு, இவர் வேறு. அந்த ஆட்டம்தான் ஸ்னூக்கர். அதன் விதிகள் 1880-களின் தொடக்கத்தில் ஊட்டி கிளப்பில்தான் எழுத்தில் வந்தன. நம்மில் பலருக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அந்த மேஜையின் எடையை யோசித்திருக்கிறோமா? 12 அடிக்கு 6 அடி; ஒரு டன்னுக்கு மேல் கனம். குன்னூருக்கு ரயில் வந்ததே 1899-இல், ஊட்டிக்கு 1908-இல். அதற்கு முன் வந்த சிலேட்டுக் கற்கள் காட் ரோட்டில் மாட்டுவண்டி ஏறித்தான் வந்திருக்க வேண்டும்.

கல் வந்தாலும் ஓதம் போகவில்லை. கல்லின் மேல் விரிப்பது கம்பளித் துணி. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாது. ஆனால் பந்துக்குத் தெரியும், வேகம் குறைந்துவிடும். அதனால்தான் இன்றைக்கும் பெரிய போட்டிகளில் சிலேட்டுக்கு அடியில் ஹீட்டர் வைக்கிறார்கள். தகரப் பெட்டி போய் மின்சாரம் வந்தது, அவ்வளவுதான்.

நம் கேரம் போர்டுக்குக் கல்லும் இல்லை, கம்பளியும் இல்லை. பிளைவுட்டும் போரிக் பவுடரும் போதும். பிளைவுட்டில் ஒவ்வொரு அடுக்கின் நாரும் அடுத்த அடுக்குக்குக் குறுக்கே இருப்பதால் ஒன்றை ஒன்று வளைய விடாது. அதன் பலவீனம் வெட்டிய ஓரமும் மெருகு போடாத அடிப்பக்கமும்தான். ஓதம் அந்த வழியாகத்தான் நுழையும்.

இதையெல்லாம் நான் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் ஒரு கேரம் போர்டு. ஓய்வுபெற்ற நாங்கள் நால்வர் பத்து வருடமாக அதில் ஆடிவந்தோம். போர்டுக்குச் சொந்தக்காரரான நண்பர் போன தை மாதம் காலமானார். அவர் மகன், “அங்கிள், பெங்களூர் ஃப்ளாட்டில் இதுக்கு இடமில்லை, அப்பா ஞாபகமா நீங்களே வெச்சுக்கோங்க” என்று கொடுத்துவிட்டுப் போனான். என் வீடு ரோட்டிலிருந்து 42 படி மேலே. மற்ற இருவரில் ஒருவருக்கு முட்டி ஆபரேஷன். படி ஏற முடியாது. ரோட்டு மட்டத்தில் இருப்பது காரை விற்றபின் காலியாகக் கிடக்கும் ஷெட் மட்டும்தான். அங்கே போர்டு கெட்டால் எங்கள் சாயங்காலமும் போனது.

கார் ஷெட்டில் சாமான் வைத்திருப்பவர்களுக்காக நான் செய்ததைச் சொல்கிறேன். போர்டைச் சுவரில் சாய்க்கவில்லை, நாளடைவில் வளையும். தரையை விட்டு உயரமாக, சுவரைவிட்டு ஒரு அடி தள்ளி, நாலு மூலையும் சமமாகத் தாங்கும் ஸ்டாண்டில் கிடக்கிறது. அடிப்பக்கத்துக்கும் ஓரத்துக்கும் இரண்டு கோட் வார்னிஷ். மேலே பிளாஸ்டிக் போடவில்லை. பிளாஸ்டிக் மழையைத் தடுக்கும், உள்ளே மாட்டிய ஈரத்தை வெளியே விடாது. பழைய பருத்தி வேட்டிதான் போர்வை. வெயில் அடிக்கும் நேரத்தில் கதவைத் திறந்து காற்றாட விடுகிறேன். பனிமூட்டம் இறங்கினால் சாத்திவிடுகிறேன். மழை நாட்களில் போர்டுக்கு இரண்டடி கீழே ஒரு 40 வாட் குண்டு பல்பு எரிகிறது. சுற்றியுள்ள காற்றைவிடப் பலகை சற்றே வெதுவெதுப்பாக இருந்தால் அதன்மேல் ஈரம் படியாது. சிலேட்டுக்கு அடியில் ஹீட்டர் வைப்பவர்கள் செய்வதும் இதே வேலைதான்.

மாதம் ஒருமுறை மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்க்கிறேன். இந்த மழை முடிந்து பார்த்தபோது நூலுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு போஸ்ட் கார்டுகூட நுழையவில்லை. மூவர் ஆடுகிறோம். நாலாவது ஸ்டூலை இன்னும் எடுக்கவில்லை.