காத்திருப்பின் கணக்கு: திருமலை தேவஸ்தானத் தகவல் கட்டமைப்பின் பயனை மதிப்பிடுவது குறித்து

பெரிய நிறுவனங்களின் தகவல் தொழில்நுட்பக் கட்டமைப்பு தொழிலுக்குத் தரும் பயனை ஆய்வுலகம் பெரும்பாலும் கணக்கேட்டில்தான் தேடி வந்திருக்கிறது. செலவு குறைந்ததா, வருவாய் கூடியதா, ஒரே வேலையைச் செய்யும் மென்பொருள்களில் எத்தனை கழிந்தன என்பவையே அதன் அளவுகோல்கள். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கணினிமயத்தை வெற்றியாகக் காட்டும் வாசிப்பும் இந்த மரபில் வந்ததுதான். அந்த வாசிப்பு தவறான இடத்தில் அளக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

வருவாய் இங்கே அளவுகோலாக உதவாது. தேவஸ்தானத்தின் 2025-26 வரவு செலவுத் திட்டம் ரூ.5,258.68 கோடி. அதில் உண்டியல் காணிக்கை ரூ.1,729 கோடி என மதிப்பிடப்பட்டது. தரிசன டிக்கெட் வரவு ரூ.310 கோடி மட்டுமே. முன்பதிவுத் தளம் வேகமாக இயங்கினாலும் முடங்கினாலும் நேர்ந்துகொண்டவர் நேர்ந்த காணிக்கையைச் செலுத்தியே தீருவார். பக்தர் வேறு கடைக்குப் போகப்போவதில்லை. ஆகவே கட்டமைப்பின் நன்மை தீமை எதுவும் வருவாய்ப் பத்தியில் தெரியாது.

வெற்றிக் கதை சொல்வோர் இதை ஓரளவு அறிந்தவர்கள்தான். அதனால் அவர்கள் வேறொரு சான்றை நாடுகிறார்கள்: தேவஸ்தானம் நாள்தோறும் வெளியிடும் தரிசன நிலவரம். தமிழ் நாளிதழ் வாசகர்களுக்கும் பழக்கமான அறிவிப்பு இது. முந்தைய நாள் தரிசனம் செய்தோர் எண்ணிக்கை, முடி காணிக்கை செலுத்தியோர், உண்டியல் வரவு, பக்தர்கள் காத்திருக்கும் கூடங்களான கம்பார்ட்மென்ட்களில் நிரம்பியிருப்பவை, டோக்கன் இல்லாதவர்கள் இலவசமான சர்வ தரிசனத்துக்குக் காத்திருக்க வேண்டிய நேரம் ஆகியவை அதில் இருக்கும். அடிவாரத் திருப்பதியில் முன்கூட்டியே வேளை குறித்துத் தரும் டோக்கன் முறையால் காத்திருப்பு நேரம் குறைகிறது, ஆகவே கட்டமைப்பு பயன் தருகிறது என்பது அவர்களின் வாதம்.

இந்த அறிவிப்பை இன்னும் நெருங்கிப் படிக்க வேண்டும். நேரத்தைச் சொல்லும் கடைசி வரி டோக்கன் இல்லாதவர்களை மட்டுமே பேசுகிறது. டோக்கன் பெற்றவர் குறித்த வேளைக்கு மலைமேல் போய் நிற்கிறார். அவருடைய காத்திருப்பு சில மணி நேரம்தான் என்று கொள்ளலாம். ஆனால் அந்த டோக்கனுக்காக அவர் எங்கே, எவ்வளவு நேரம் நின்றார்? திருப்பதி ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள விஷ்ணு நிவாசத்திலோ, பேருந்து நிலையத்தை ஒட்டிய ஸ்ரீனிவாசத்திலோ, அலிபிரி பூதேவி காம்ப்ளெக்ஸிலோ நின்றிருப்பார். கைக்குழந்தையோடு முன்னிரவிலேயே வந்து இடம் பிடித்தவராகவும் இருக்கலாம். அறிவிப்பின் எந்த வரியிலும் அந்த இரவு இல்லை. டோக்கன் அச்சாகும் நிமிடம் கணினியில் பதிவாகிறது. அதற்காக வந்து நின்ற நிமிடம் பதிவாவதில்லை. காத்திருப்பு குறைந்தது என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி, கணிசமான பகுதியாகவே இருக்கலாம், மலையிலிருந்து ஊருக்குள் இடம் மாறியதுதான்.

2022 ஆம் ஆண்டு நிகழ்வுகள் இதற்கு ஒரு சோதனை போல அமைந்தன.  ஏப்ரல் 12 அன்று, சில நாட்கள் நிறுத்தியிருந்த டோக்கன் வழங்கல் தொடங்கியபோது கவுன்டர்களில் கூட்டம் முண்டியடித்துச் சிலர் காயமடைந்தனர். அதன்பின் டோக்கன் நிறுத்தப்பட்டு பக்தர்கள் நேராக மலைக்கு அனுப்பப்பட்டார்கள்; நேரம் குறித்த சர்வ தரிசன டோக்கன் நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் வந்தது. இடைப்பட்ட மாதங்களில் மலைமேல் வரிசை நீண்டதைக் காட்டி டோக்கனின் அருமையை நிறுவுவது எளிது. ஆனால் அந்த மாதங்களில் நேர்ந்தது இன்னொன்றும் உண்டு: ஊருக்குள் கண்ணில் படாமல் கிடந்த காத்திருப்பு மலைக்குப் போய்ச் சேர்ந்து முதன்முறையாகக் கணக்கில் ஏறியது. கூடுதல் நேரம் முழுவதும் இப்படி வந்ததென்று சொல்லத் தரவு போதாது. ஆயினும் இந்தப் பகுதியைக் கழிக்காமல் டோக்கனின் பயனைச் சொல்வது முறையாகாது.

2025 ஜனவரி 8 இரவு இந்த விடுபடல் உயிர்களைப் பறித்தது. வைகுண்ட ஏகாதசிக்கான டோக்கன்கள் 9 ஆம் தேதி காலை 5 மணி முதல் திருப்பதிக் கவுன்டர்களில் தரப்படும் என அறிவிக்கப்பட்டிருந்தது. முந்தைய நாளே மக்கள் திரண்டார்கள். பைராகிப்பட்டெடா அருகே நெரிசலில் ஆறு பேர் இறந்தார்கள். அன்றைய கூட்ட நிர்வாகத்தில் யார் தவறினார்கள் என்பது இக்கட்டுரையின் பொருளன்று. எந்தக் கட்டமைப்பின் வெற்றி காத்திருப்பு நேரத்தால் அளக்கப்பட்டதோ, அதன் எல்லைக்கு வெளியே இருந்த வரிசையில்தான் அந்தச் சாவுகள் நிகழ்ந்தன என்பதை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அடுத்த ஏகாதசியின் முதல் மூன்று நாட்களுக்கு டோக்கன் இணையவழிக் குலுக்கலுக்கு மாற்றப்பட்டது. இதனால் சேவையகச் செலவு குறைந்ததா என்று கேட்பது பொருளற்றது. ஊருக்குள் நின்ற வரிசை கட்டமைப்பின் எல்லைக்குள் வந்தது. பயன் அங்கேதான் இருக்கிறது. குலுக்கல் ஏமாற்றத்தைப் பரவலாக்குகிறது என்பார்கள். உண்மைதான்; ஆனால் ஏமாற்றத்தால் யாரும் மிதிபட்டுச் சாவதில்லை.

எல்லை விரியும்போது பயன் பிறக்கும் என்பதற்கு அறை ஒதுக்கீடு இன்னொரு சான்று. தரிசனம், அறை, லட்டு, அறைக்குக் கட்டித் திரும்பப் பெறும் முன்பணம் என ஒவ்வொன்றுக்கும் தனிக் கவுன்டர், தனிச் சீட்டு என்றிருந்த அமைப்பில், சீட்டை வைத்திருப்பவர்தான் அதைப் பெற்றவர் என்று எந்தக் கவுன்டரும் உறுதி செய்ய முடியாது. ஒருவர் பெயரில் எடுத்த அறை கைமாறி வேறொருவருக்கு அதிக விலைக்குப் போகும். முன்பணத்தை மூன்றாமவர் வாங்கிச் செல்வார். 2023 மார்ச் 1 முதல் முகம் அறியும் முறை சோதனையாக வந்தபோது அறை பெறும் இடமும் முன்பணம் திரும்பும் இடமும் ஒரே அடையாளத்தால் இணைந்தன. 2024 ஆகஸ்ட் இறுதியில் தரிசன டோக்கன் இல்லாதவருக்கு ஆதாரின் பேரில் இரண்டு லட்டு என்று வரம்பு வந்ததும் இதே வழியில்தான். முகம் அறியும் கருவியை யாரும் வாங்கலாம். அதில் பதிந்த அடையாளத்தை இரண்டு கவுன்டர்களும் பகிர்ந்துகொள்ளும்படி அமைப்பதே கட்டமைப்பின் வேலை. இடைத்தரகரின் பிழைப்பு கவுன்டர்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் இருந்தது. இணைப்பு அதைச் சுருக்கியது. முகப்பதிவு எத்தனை காலம் சேமிக்கப்படுகிறது, யார் பார்க்கலாம் என்ற கேள்விகள் பெரியவை; அவை தனி ஆய்வுக்கு உரியவை. கோயில் தொழில் நிறுவனமல்ல, ஆகவே தொழில் நிறுவனங்களோடு ஒப்பீடே பொருந்தாது என்ற மறுப்புக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான ஊழியர்களும் வரவு செலவுத் திட்டமும் கொண்ட அமைப்பு எதுவும் கட்டமைப்பின் பயன் என்ன என்ற கேள்விக்கு உட்பட்டதே.

'ஒரே நிறுவனம், ஒரே இணையதளம், ஒரே செயலி' என்ற தேவஸ்தானத்தின் கொள்கை இந்த ஒருங்கிணைப்பை நோக்கியது. அது முகப்பில் முடிந்திருக்கிறது. உள்ளே இன்னும் முடியவில்லை. பெரும்பாலான மாதங்களில் 24 ஆம் தேதி காலை 10 மணிக்கு ரூ.300 தரிசன டிக்கெட்டும் அன்று பிற்பகல் 3 மணிக்கு அறைகளும் முன்பதிவுக்குத் திறக்கின்றன. இப்படிப் பிரிப்பதால் தளத்தின் மீதான சுமை குறையும் என்பது சரியான காரணம்தான். ஆனால் காலையில் டிக்கெட் பெற்ற குடும்பத்துக்குப் பிற்பகலில் அறை கிடைக்காமல் போனால் அது இரவுத் தங்கலுக்கு மறுபடி மலைமேல் அறைக் கவுன்டர் வரிசையில்தான் நிற்க வேண்டும். அந்த வரிசையின் நேரமும் தினசரி அறிவிப்பில் இல்லை. டோக்கன் கவுன்டர், அறைக் கவுன்டர் இரண்டின் காத்திருப்பும் அந்த அறிவிப்பில் இரு வரிகளாகச் சேர்க்கப்படும்வரை, தேவஸ்தானக் கட்டமைப்பின் பயனைப் பற்றிய எந்த எண்ணையும், சாதகமானதாயினும் பாதகமானதாயினும், பாதிக் கணக்காகவே கொள்ள வேண்டும்.