நாகசுரப் பட்டறையும் ஊர் கேட்ட இசையும்

தமிழிசை வரலாறு எழுதப் புகுந்தோர் பாடினோரையும், பாடுவித்தோரையும், இலக்கணம் வகுத்தோரையும் நிரல்படக் கூறுவர். கருவி செய்தோரைக் கூறுவார் அரியர். கருவியின் பெயர், அதன் உறுப்புகள், அது பேசும் சுரங்கள் என்னும் இவற்றோடு நூல்கள் அமைந்துவிடுகின்றன. அதனைக் கடைந்தவன் எவன், எம்மரத்தால் கடைந்தான், எவ்வூர்த் தெருவில் எத்தகைய மக்கள் கேட்டற்பொருட்டுக் கடைந்தான் என்பன வினவப்படாமலே நிற்கின்றன. இவ்வினாக்கள் சிறியன போலத் தோன்றினும் சிறியன அல்ல. ஒரு கருவியின் குரல் மாறிய வரலாற்றை இவற்றை விடுத்து எழுதவே இயலாது என்பதை நாகசுரத்தைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

பட்டறை அழியின் கருவி அழியும் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சங்கப் பாடல்களிலும் சிலம்பிலும் பெருவழக்காய் விளங்கிய யாழ் பிற்காலத்தே வழக்கொழிந்தது. பெயர் ஏட்டில் நின்றது; உறுப்புகளின் பெயர்களும் உரைகளில் நின்றன. செய்யும் கைதான் நில்லாது போயிற்று. அதனாலன்றோ விபுலானந்த அடிகள் ஆண்டு பல உழைத்து, நூற்சான்றுகளையும் கணக்கையும் துணையாகக் கொண்டு, 1947இல் வெளிவந்த தம் யாழ்நூலில் அக்கருவியை மீண்டும் வடித்துக் காட்ட வேண்டியதாயிற்று? அடிகளின் புலமை வியக்கத்தக்கது. ஆயினும் தச்சன் ஒருவனுடைய மரபு அறாது வந்திருப்பின் அவ்வுழைப்பிற் பெரும்பகுதி வேண்டப்பட்டிராது.

பழைய உரையாசிரியர்கள் இத்துறையைப் புறக்கணித்தாரல்லர். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் குழலுக்கு உரைகூறும் அடியார்க்கு நல்லார், மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என அது செய்தற்குரிய பொருள்களை எண்ணித் தரம் பிரித்து, தம் காலத்தே கருங்காலி பெருவழக்கு என்றும் குறித்துச் செல்கிறார். அத்துடன் அவர் அமையவில்லை. மரம் நின்ற நிலம் உயர்ந்தும் ஒத்தும் இருத்தல் வேண்டும். நாற்புறக் காற்றும் வந்து மயங்கும் இடத்து வளர்ந்த மரம் நாதம் தாராது. மிக இளையதும் மிக முதியதும் ஆகா. வெட்டிய மரத்தை நிழலில் ஆறவிட்டு, திருகுதலும் பிளத்தலும் இன்மை கண்டு, ஓராண்டு கழிந்த பின்னரே துளையிடல் வேண்டும் என்கிறார். இச்செய்திகள் ஏட்டினின்று ஏட்டுக்கு ஏறியவையாகவே இருத்தல் கூடும். எனினும், இவற்றை முதற்கண் சொன்னவன் உளி பிடித்த ஒருவனாகவே இருத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. மரம் திருகிப் போய்ப் பாழானதைக் கண்ணாற் கண்டவனுக்கன்றி ஓராண்டு காத்திருத்தலின் அருமை தெரியாது.

கல்வெட்டுச் சான்றும் நினைவுகொள்ளத் தக்கது. முதலாம் இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1014ஐ ஒட்டி, தஞ்சைப் பெருங்கோயிலில் பணி செய்வார்க்கு வகுத்த பங்குகள் அக்கோயிலின் திருச்சுற்று மதிலில் நீண்டதொரு கல்வெட்டாக வெட்டப்பட்டுள்ளன. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருவர்க்கும் பங்கு ஒன்று. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். இச்செய்தி பலரும் அறிந்தது. அதனைத் தொடர்ந்து வங்கியம், பாடவியம், வீணை, உடுக்கை ஆகியவற்றை இசைப்போரும், அவர்க்குப் பின்னே குயவர், கன்னார், தச்சர், தட்டார் முதலாயினோரும் ஒரே நிரலில் வருதலைப் பெரும்பாலோர் நின்று நோக்குவதில்லை. அத்தச்சர் இசைக்கருவி செய்தனர் எனக் கல்வெட்டுக் கூறவில்லை. யாமும் கூறத் துணியோம். ஆனால் இசைப்போனும் வினைஞனும் ஒரே கணக்கில், ஒரே மரக்காலால் அளந்த நெல்லைப் பெற்றனர் என்பது தெளிவு. பங்குடையான் இறப்பின் அல்லது ஊர்விட்டு நீங்கின் அவனுக்கு அணுக்கமான உறவினர் அப்பணியைச் செய்க. தாம் தகுதியிலராயின் தக்காரை அமர்த்திச் செய்விக்க என்னும் விதியும் அங்கே உண்டு. கலையும் கைத்தொழிலும் குடிவழியே தொடர்வதற்கு அரசு வகுத்த ஏற்பாடு இது. அதன் நன்மையும் தீமையும் பின்வந்த நூற்றாண்டுகளில் ஒருங்கே வெளிப்பட்டன.

இனி நாகசுரத்துக்கு வருவோம். கும்பகோணத்தினின்று மயிலாடுதுறை செல்லும் வழியில் ஆடுதுறைக்கு அண்மையில் உள்ளது நரசிங்கம்பேட்டை. நாகசுரம் கடையும் ஆசாரிமாரின் குடும்பங்கள் சில வழிவழியாக அங்கே வாழ்ந்து வருகின்றன. இவ்வூர் நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. சுற்றிலும் கோயில்கள் நிறைந்த காவிரி வளநாடு. கூப்பிடு தொலைவில் திருவாவடுதுறை ஆதீனம். கருவி வேண்டுவார் எங்கும் இருந்தனர் என்பதே பட்டறை அவ்விடத்தே வேரூன்றியமைக்குப் போதிய விளக்கமாகும்.

நாகசுரத்தின் உடற்பகுதி உலவு எனப்படும். அடியில் விரிந்து நிற்கும் வாய் அணசு. தலையில் செருகுவது சீவாளி. உலவுக்கு ஆச்சா மரமே சிறந்தது என்பர். அதிலும் புதிதாக வெட்டிய மரம் பயன்படாது. பழைய வீடுகளைப் பிரிக்குங்கால் கிடைக்கும் தூண், உத்தரம், நிலை ஆகியவற்றின் மரத்தையே தேடி வாங்குவர். பல பத்தாண்டுகள் கூரையின்கீழ் நின்று நீர்ப்பசை முற்றும் நீங்கிய மரம் வெடிப்பதில்லை. கடைதற்கும் துளைத்தற்கும் இசைந்து கொடுக்கும். அடியார்க்கு நல்லார் கூறிய ஓராண்டு இங்கே நூறாண்டாக நீண்டது போலும். அவர் கூறியது குழலையே; மரமும் வேறு. ஆகலின் அவ்வுரையினின்று நரசிங்கம்பேட்டைக்கு நேர்க்கோடு ஒன்று இழுத்தல் பொருந்தாது. மரம் ஆறவேண்டும் என்னும் அறிவு ஒன்றே இருவர்க்கும் பொது. திருமணத்தில் நாகசுரம் கேட்ட வீட்டின் உத்தரமே பின்னொருநாள் நாகசுரமாகி வேறொரு வீட்டின் முற்றத்தில் ஒலித்தலும் கூடும் என எண்ணுங்கால் ஒருவகை வியப்பு உண்டாகிறது.

மரத்தை அளவாக அறுத்து, செதுக்கி, கடைசலில் ஏற்றி உருட்டித் திரட்டுவர். பின் நீண்ட துரப்பணங்களால் நடுவே துளைப்பர். அத்துளை மேலே குறுகிக் கீழே விரிந்து செல்லுதல் வேண்டும்; நாதத்தின் உயிர் அவ்விரிவில்தான் உள்ளது. உலவில் இடும் துளைகள் பன்னிரண்டு. விரல் வைத்து வாசிப்பன ஏழு. எஞ்சிய ஐந்தும் அடிப்பகுதியில் அமைந்து, சுருதியைத் திருத்தும் பொருட்டு மெழுகால் அடைக்கவும் திறக்கவும் படுவன. துளைகளின் இடைவெளி அளவுகோலால் மட்டும் முடிவு செய்யப்படுவதன்று. ஊதிப் பார்த்து, கேட்டு, மீண்டும் குடைந்து, மீண்டும் ஊதிப் பார்த்தே முடிவு செய்யப்படும். ஆகவே நாகசுரம் செய்யும் ஆசாரி செவியால் இசைவாணனாய் இருத்தல் இன்றியமையாதது. வாசிப்போன் பட்டறைக்கு வந்து தன் மூச்சுக்கும் உதட்டுக்கும் ஏற்பத் திருத்தம் கேட்பான். செய்வோன் திருவிழாவிற் சென்று தன் கருவி தெருவில் எவ்வாறு பேசுகிறது எனக் கேட்பான். பட்டறையும் தெருவும் ஒன்றற்கொன்று தொலைவில் இல்லாதிருந்த நிலை இது.

அத்தெருவை இனி நோக்குவோம். தெய்வம் புறப்படுங்கால் மல்லாரி முழங்கும். தேருக்கு ஒன்று, திருமுழுக்கு நீர் கொணர்தற்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று என மல்லாரியிலும் வகை உண்டு. வாகனம் நான்கு வீதிகளையும் சுற்றி வருதற்கு இரவிற் பெரும்பொழுது ஆகும். வீதிச் சந்திகளில் வாகனம் நிற்கும். அங்கே ஓர் இராகம் நாழிகைக் கணக்கில் விரியும். தவில் தனியே பேசும். பள்ளியறை சேருங்கால் நீலாம்பரி. இவ்விசைக்குச் சீட்டு இல்லை, இருக்கை இல்லை, திண்ணையில் இருந்தோனும், வண்டியை அவிழ்த்துவிட்டு அதன்மேல் அமர்ந்தோனும், வயலுக்குப் போகும் வழியில் நின்றோனும் கேட்டனர். எழுத்தறியாதார் பலர் தோடியையும் கரகரப்பிரியாவையும் பெயர் சொல்லி இனங்கண்ட ஊர்கள் சோழ நாட்டில் இருந்தன. அவ்வறிவை அவர்க்குக் கொடுத்த பள்ளி வீதிச் சந்தியே.

இதனை மிகைப்படுத்தி, ஊரார் அனைவரும் ஒன்றாய் நின்று கேட்டனர் என எழுதுவாரும் உளர். அவர் கூற்று வரலாற்றொடு பொருந்தாது. கோயிலுக்குள் நுழையும் உரிமை பெறாதிருந்த மக்கள் பலர். 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நிகழ்ந்த நுழைவும், 1947ஆம் ஆண்டின் சட்டமும் வரும்வரை அவர்க்குக் கோயில் மண்டபத்து இசை எட்டாததாகவே இருந்தது. வாகனமும் எல்லாத் தெருக்களுக்கும் சென்றதில்லை. ஆனால் ஒலி மதிலைக் கடந்தது. உரத்த கருவியாக இருந்தமையாலேயே நாகசுரம், விலக்கப்பட்டோர் செவிக்கும் ஓரளவு எட்டியது. ஒதுக்கி நிறுத்தியவர்களின் தாராளத்தால் அன்று. மரத்துளையின் அளவால் நேர்ந்தது அது. கருவியின் அளவை இசை வரலாற்றினின்று பிரித்தல் ஆகாது என யாம் வற்புறுத்துதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவ்வுரத்த கருவிக்குத் திமிரி என்று பெயர். குறுகிய உடல், நான்கு, ஐந்து கட்டைச் சுருதி. திறந்த வெளியில், தவிலின் முழக்கத்துக்கு ஈடுகொடுத்து நெடுந்தொலைவு கேட்டற்கென்றே அமைந்தது எனலாம். திருமருகல் நடேச பிள்ளை போன்ற முன்னோர் வாசித்தது இவ்வகையே. விரைவான பிருகாக்கள் அதில் எளிதில் உருளும். அதன் குறை சுத்த மத்திமத்தில் இருந்தது என்பர். அச்சுரம் துளையினின்று இயல்பாகப் பேசாது. வாசிப்போன் உதட்டாலும் மூச்சாலும் அதனை வருவித்தல் வேண்டும்.

திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898–1956) இக்குறையை நரசிங்கம்பேட்டை இரங்கநாதன் ஆசாரியிடம் எடுத்துரைத்தார். ஆசாரி பலவாறு செய்து பார்த்து, உடல் நீண்டு, சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்குத் தாழ்ந்து, சுத்த மத்திமம் செவ்விதின் பேசும் பாரி நாகசுரத்தை உருவாக்கித் தந்தார். ஏறத்தாழ 2½ அடி நீளமுடைய அதுவே இன்று பெருவழக்கில் உள்ளது. திமிரியைக் கையாள்வோர் மிகச் சிலர். ஒரு கருவி ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்தில் தன் குரலையே மாற்றிக்கொண்டது என்றால் அது சிறிய நிகழ்ச்சியன்று.

இம்மாற்றத்தை இராசரத்தினம் பிள்ளையின் புதுமை என ஒரு வரியில் முடித்துவிடுதல் வழக்கமாயிற்று. அவருடைய செவியும் துணிவும் இல்லாதிருப்பின் இது நிகழ்ந்திராது என்பது உண்மை. ஆயினும் வேண்டியவர் அவர். விடை கண்டவர் ஆசாரி. நீளத்தைக் கூட்டினால் துளைகளின் இடைவெளி கூடும். இடைவெளி கூடின் விரல் எட்டாது. துளையின் உள்விரிவை மாற்றினால் மேற்சுரங்கள் பிசகும். இச்சிக்கல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தது ஏட்டுக் கணக்கன்று. கெட்டுப்போன உலவுகள் பலவற்றின் வழியாக வந்த கையறிவு. யாழ்நூலாசிரியர்க்கு நாம் கொடுக்கும் மதிப்பிற் பாதியேனும் இவ்வறிவுக்குக் கொடுத்தல் நேர்மையாகும்.

மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். அது கேட்கும் இடத்தின் மாற்றம். சென்னையில் 1928இல் சங்கீத வித்வத் சபை தோன்றியது. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சிராப்பள்ளியிலும் வானொலி நிலையங்கள் தொடங்கின. 1943இல் தமிழிசைச் சங்கம் நிறுவப்பட்டது. ஒலிபெருக்கி சிற்றூர்த் திருமணங்கள் வரை சென்றது. தெருமுனை வரை ஒலிக்க வேண்டிய கடமை கருவியினின்று நீங்கி மின்பொறிக்கு மாறியது. அக்கடமை நீங்கிய பின்னரே நாகசுரம் குரலைத் தாழ்த்திக்கொள்ள இயன்றது. ஒலிபெருக்கி பாரியைப் பிறப்பித்தது என்று யாம் கூறவில்லை. அது பிறந்து நிலைபெறுதற்கு இடங்கொடுத்தது என்கிறோம். ஒலிபெருக்கி இல்லாத ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆசாரி இதனைச் செய்திருப்பின், ஊதிப் பார்த்துவிட்டு மூலையிற் சார்த்தியிருப்பான்.

பெற்றது மிகுதி. தாழ்ந்த சுருதியில் இராகத்தின் கமகங்கள் ஆழ்ந்து ஒலிக்கின்றன. வாய்ப்பாட்டின் அருகே நாகசுரம் வந்து நின்றது. தோடியில் இராசரத்தினம் பிள்ளை காட்டிய விரிவைக் கேட்டோர் இதனை மறுக்கார். இழந்ததும் உண்டு. திமிரியின் விரைவும், தெருவை நிறைக்கும் அதன் கூர்மையும், அதற்கென அமைந்த விரல் பயிற்சியும் மங்கிப்போயின. அவற்றை இழந்தோம் என்பதைக்கூட நாம் அளந்து சொல்ல இயலாதவராய் உள்ளோம். பழைய திமிரிகளின் உடல்நீளம், உள்விட்டம், துளை இடைவெளி ஆகியவை பரவலாக அளந்து பதிவு செய்யப்பெறவில்லை.

முதுகலை ஆய்வில் ஈடுபடுவோர் இதனைத் தம் பணியாகக் கொள்ளலாம். இசைக் குடும்பங்களின் வீட்டுப் பெட்டிகளிலும் கோயிற் கருவூலங்களிலும் பழைய உலவுகள் கிடத்தல் கூடும். அவற்றின் அளவுகளை எடுக்குங்கால் மரம் இன்னதென்றும், மெழுகடைத்த துளைகள் எவையென்றும், எவ்வூர்ப் பட்டறையினது என உரியவர் கூறும் மரபு யாதென்றும் உடன் குறித்தல் வேண்டும். ஆசாரிமார் வழங்கும் தொழிற்சொற்களையும் அவ்வாறே தொகுத்தல் வேண்டும். அகராதிகளில் ஏறாத சொற்கள் பல கடைசற் பட்டறையில் நாள்தோறும் புழங்குகின்றன. அளவெடுக்கச் செல்வோர் நாடாவோடு, ஊதிக் காட்ட வல்லார் ஒருவரையும் உடனழைத்துச் செல்லுதல் நன்று. நீளத்தை நாடா சொல்லும். சுத்த மத்திமம் எவ்வாறு பேசுகிறது என்பதை ஊதினாலன்றி அறிதல் இயலாது.