கைதட்டக் கூலி வாங்கியவர்கள்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருப்பவர்கள் காபியை ஆற்றிக்கொண்டே படியுங்கள்.

போன மார்கழியில் என் துணைவியார் வாசலில் போட்ட கோலத்தைப் படம் எடுத்துப் போட்டேன். 214 லைக் வந்தது. அதே வாரம் எங்கள் ஊர்க் கிளை நூலகம் பூட்டியே கிடப்பதைப் பற்றி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன். அதற்கு வந்தது ஒன்பது. அதில் ஒன்று என் மைத்துனருடையது. அவர் படிக்காமலேயே போடுவார். மூன்றாம் நாள் அந்தப் பதிவை நானே நீக்கிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் பொங்கல் பானை, கோயில் கோபுரம், பேரனின் மழலை என்றே போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏன் நீக்கினோம் என்று பிறகுதான் உறைத்தது. அந்தக் குடைச்சலில் பழைய சரித்திரப் புத்தகங்களைப் புரட்டினேன்.

ரோமாபுரியை ஆண்ட நீரோவுக்குத் தான் பெரிய பாடகன் என்று நினைப்பு. அவன் பாடும்போது கைதட்டுவதற்கென்றே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களைத் திரட்டி வைத்திருந்தான் என்று சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். அவர்களுக்கு விதவிதமாகத் தட்டப் பயிற்சி உண்டு. ஒரு தட்டலுக்குத் தேனீ ரீங்காரம் என்று பெயர், இன்னொன்றுக்குக் கூரை ஓடு, மற்றொன்றுக்குச் செங்கல். கூட்டத்தின் தலைவர்களுக்கு நான்கு லட்சம் செஸ்டர்ஸ் சம்பளம். மன்னன் பாடி முடிக்கும்வரை யாரும் வெளியே போகக்கூடாது. அரங்கிலேயே பிரசவித்த பெண்களும் உண்டாம், செத்தவர்போல் நடித்துத் தூக்கிக்கொண்டு போகச் செய்து தப்பித்தவர்களும் உண்டாம்! இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரித்துச் சிரித்துப் புரண்டிருப்பார்கள். பாடத்திட்டத்தில் இல்லாததால் அன்று சொல்லாமல் போனேன்.

அதே ரோமில், சில பத்தாண்டுகள் கழித்து, நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீல்களுக்கும் கைதட்டக் கூலியாட்கள் வந்துவிட்டார்கள். தன் வீட்டு ஆட்கள் இருவரையே ஆளுக்கு மூன்று தெனாரி கொடுத்து இழுத்துப் போனார்கள் என்று இளைய பிளினி ஒரு கடிதத்தில் அலுத்துக்கொள்கிறார்.

(கட்டைவிரலை உயர்த்தினால் உயிர், தாழ்த்தினால் சாவு என்ற கிளாடியேட்டர் கதையை யாராவது கீழே எழுதுவீர்கள், தெரியும். விரலை எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்பதே இன்னும் முடிவாகவில்லை. ஜெரோம் என்ற பிரெஞ்சு ஓவியர் 1872இல் வரைந்த படம்தான் அந்தக் காட்சியை உலகத்தின் மனதில் பதித்தது.)

இதை முழுத் தொழிலாகவே நடத்தியவர்கள் பாரிஸ்காரர்கள். 1820 வாக்கில் அங்கே நாடகங்களுக்குக் கைதட்ட ஆள் அனுப்பும் ஏஜென்சியே இருந்தது. அந்தக் கூட்டத்துக்குக் கிளாக் என்று பெயர். சிரிப்பதற்கு ஒரு பிரிவு. கைக்குட்டையோடு அழுவதற்குப் பெண்கள். 'பிஸ், பிஸ்' என்று கத்த ஒரு பிரிவு. நம் ஊர் நாடகக் கொட்டகை 'ஒன்ஸ் மோர்' மாதிரிதான். பெரிய சரவிளக்கின் கீழே உட்கார்வதால் இவர்களை விளக்குப் பிரபுக்கள் என்று கேலி செய்தார்கள். 1830களில் பாரிஸ் ஓபராவின் கிளாக் தலைவராக இருந்தவர் ஒகுஸ்த் லெவஸூர். ஒத்திகையை நேரில் பார்த்து, எந்த இடத்தில் எவ்வளவு தட்டுவது என்று இயக்குநரோடு கலந்து பேசி முடிவு செய்வார். நம்மில் பாதிப் பேர் செய்யாத வீட்டுப்பாடம்!

இனி நம் காலம். முகநூலில் லைக் பொத்தான் வந்தது 2009 பிப்ரவரி 9 அன்று. 2007இல் யோசனை தொடங்கியபோது அதை 'ஆசம்' பொத்தான் என்றுதான் சொன்னார்களாம். நிறுவனர் ஸக்கர்பெர்க் உடனே சம்மதிக்கவில்லை. ஒரு சொடுக்கில் வேலை முடிந்தால் யார் உட்கார்ந்து பதில் எழுதுவார்கள் என்பது அங்கிருந்த ஒரு பயம். அந்தப் பொத்தானை உருவாக்கிய குழுவில் லியா பெர்ல்மன் என்ற பெண் இருந்தார். பின்னாளில் வேலையை விட்டுச் சித்திரக் கதை வரையத் தொடங்கினார். தன் படங்களுக்கு லைக் குறைந்ததும் அவர் மனம் வாடி, காசு கொடுத்து முகநூலிலேயே விளம்பரம் போட்டதாகப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். இதைப் படித்ததும் எனக்கு லெவஸூர் நினைவுதான் வந்தது. பொத்தானைச் செய்தவருக்கே அந்தக் கதி என்றால் ஓய்வூதியம் வாங்கும் நான் எம்மாத்திரம்?

2013இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒரு செய்தித் தளத்தில் வாசகர்கள் எழுதிய 1,01,281 கருத்துகளை எடுத்து, சிலவற்றுக்கு மட்டும் ஆய்வாளர்களே முதல் பாராட்டைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டார்கள். அந்தக் கருத்துகளின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடிவிட்டது. எழுத்து ஒன்றும் மாறவில்லை. இன்னும் சிலவற்றுக்கு முதலில் எதிர்ப்பு வாக்குப் போட்டுப் பார்த்தார்கள். அதைப் பின்னால் வந்தவர்கள் சரிசெய்துவிட்டார்கள். வசையைச் சந்தேகப்படுகிற மனுஷன் புகழ்ச்சியைச் சந்தேகப்படுவதில்லை.

எனக்கு இது புதிதல்ல. ஐந்தாம் வகுப்பில் லீடர் தேர்தலுக்குக் கை தூக்கச் சொன்னால், முன் பெஞ்சுப் பையன் ஒருவன் கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே நாற்பது கையும் போகும். ஒரு வருடம் எல்லோரையும் மேஜைமேல் தலை கவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டு தூக்கச் சொன்னேன். தினமும் சத்தமில்லாமல் பானையில் தண்ணீர் பிடித்து வைக்கும் ஒரு பெண் பிள்ளை ஜெயித்துவிட்டது. முன் பெஞ்சுக்காரன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்ஸ்டாகிராம் 2019இல் கனடாவில் தொடங்கி லைக் எண்ணிக்கையை மறைத்துப் பார்த்ததும், 2021இல் வேண்டியவர்கள் மறைத்துக்கொள்ளலாம் என்று விட்டதும் ஏறக்குறைய இந்தத் தலை கவிழ்க்கும் வித்தைதான்.

அப்படியென்றால் லைக்கே வேண்டாமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். என்னிடம் படித்த ஒரு மாணவி திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறாள். எட்டாவதோடு நின்ற படிப்பு. போனில் தமிழ் தட்டத் தெரியாது. ஆனால் நான் எது போட்டாலும், ஷிப்ட் முடிந்து இரவு பதினோரு மணிக்கு மேல் அவளுடைய லைக் வந்துவிடும். நான் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' என்பாளே, அதே குரல் எனக்குக் கேட்கும். அந்த ஒன்பதில் அவளும் ஒருத்தி.

தை பிறந்து இரண்டு வாரமாக அவள் லைக்கைக் காணவில்லை. மனது கேட்காமல் போன் செய்தேன். மஞ்சள் காமாலை, ஆஸ்பத்திரியில் இருந்து நேற்றுதான் வந்தேன் சார் என்றாள். குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் இருந்தது. வேறு யாராவது விசாரித்தார்களா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்:

"சார், அந்த லைப்ரரி பத்தி எழுதினீங்களே, அது எங்க போச்சு? எம் பொண்ணுக்குப் படிச்சுக் காட்டலாம்னு தேடினேன், கிடைக்கல."

நல்லவேளை, எதையும் முதலில் பழைய டைரியில் கையால் எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. இன்று மாலை அதை மறுபடியும் போடுகிறேன்.