தோட்டம் போயிற்று, பெயர் நின்றது

நாம் வாழும் கார்டன் ரீச், தோட்டங்களால் பெயர் பெற்ற ஆற்றங்கரையாகும். 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயச் செல்வர் ஹூக்ளிக் கரையில் தோட்ட மாளிகைகள் அமைத்தனர். 1856-இல் அரசிழந்து வந்த அவத் மன்னர் வாஜித் அலி ஷா, இங்கு மெட்டியாபுரூசில் மாளிகைகளும் விலங்குக்காட்சிச் சாலையும் கண்டார். 1887-இல் அவர் மறைந்தபின் அவையும் சிதறின. காலப்போக்கில் கப்பல் தளமும் ஆலைகளும் இரயில்வே அலுவலகமும் அவ்விடங்களைக் கொண்டன. அவற்றை நாடியன்றோ நம் முன்னோரும் இங்கு வந்தனர்!

எதிர்க்கரையிலோ, 1787-இல் கர்னல் இராபர்ட் கிட் தொடங்கிய சிப்பூர்த் தாவரவியற் பூங்கா இன்றும் நிலைத்துள்ளது. 1864-ஆம் ஆண்டுப் பெரும்புயல் மரங்களைப் பெருந்தொகையாக வீழ்த்தியும் அது அழியவில்லை. தனியார் தோட்டம் உடையவரோடு மறைந்தது. ஒருவர் உடைமையாகாத பூங்காவைப் பேணக் கைகள் அடுத்தடுத்து வந்தன. அங்குள்ள பேராலின் அடிமரம் நோயுற்று 1925-இல் அகற்றப்பட்டது. ஆயினும் விழுதுகள் ஊன்றி நிற்க, மரம் தழைக்கிறது.

தாய்மண் நீங்கி வந்தோர்க்கு இதனினும் சிறந்த பாடம் வேறு உண்டோ? நம் குடியிருப்பில் எஞ்சிய மரங்களையும் சிறாரின் ஆடுகளங்களையும், 'யாருடையவை?' என வினவாது, 'நம்முடையவை' எனக் காப்போமாக!