என்ஜினுக்குள் புகுந்த கடல்: நீண்டகரை வரலாற்றில் ஒரு விடுபட்ட பக்கம்

கேரளக் கடற்கரையின் நவீன மீன்பிடி வரலாறு பெரும்பாலும் படகு, இழுவலை, இறால் ஆகிய மூன்றைச் சுற்றியே எழுதப்படுகிறது. அப்படகுகளை ஆண்டுக்கணக்கில் ஓடவைத்த பழுதுபார்ப்புத் தொழிலுக்கு அவ்வரலாற்றில் உரிய இடம் கிடைக்கவில்லை. அத்தொழிலின் ஒரு சிறு பகுதியை, என்ஜினின் புகைவழியை மட்டும், இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகிய மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி மறு ஆண்டு கொல்லத்துக்கு அருகே நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. மரபு வள்ளங்களில் என்ஜின் பொருத்தும் முயற்சி கைகூடாமற் போகவே, என்ஜினை உள்ளே தாங்கும் சிறு படகுகள் புதிதாக வடிவமைக்கப்பட்டன. 1960களில் இறால் ஏற்றுமதி பெருகியபோது அவை இழுவலைப் படகுகளாகப் பெருகின.

மர உடலுக்குள் என்ஜின் இறங்கியதும் ஒரு புதிய சிக்கல் எழுந்தது. லாரியின் புகைக்குழாயைக் காற்றே குளிர்விக்கிறது. படகின் உட்புறத்தில் அத்தகைய கொதிக்கும் குழாய் தீயை அழைக்கும். எனவே சிலிண்டர்களின் புகையைத் திரட்டும் மேனிஃபோல்டைச் சுற்றி நீர் ஓடும் உறை அமைக்கப்படுகிறது. ஈரப் புகைவழி கொண்ட படகுகளில் அதையடுத்து ரைசர் என்னும் உயர்குழாய் இருக்கும். வெளியேறும் நீர் திரும்பி என்ஜினுக்குள் வழியாதபடி அது புகைவழியை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்தி, பின் கீழே வளைக்கிறது. அங்கேதான் புகையும் கடல்நீரும் கலக்கின்றன.

கடல்நீர் ஏறத்தாழ 60 பாகைக்கு மேல் சூடானால் உப்பு படியத் தொடங்கும். உப்பும் துருவும் சேர்ந்து நீர்வழியை அடைக்கின்றன. வார்ப்பிரும்பு உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது. வெளியே பூச்சு பளபளக்கும். உள்ளே சுவர் மெலிந்திருக்கும். அது துளைபட்டால், படகு கரையில் நிற்கும் இரவில் திறந்திருக்கும் வால்வு வழியே நீர் சிலிண்டருக்குள் இறங்கும். நீரை அழுத்திச் சுருக்க இயலாது. மறுநாள் என்ஜினை இயக்கும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

என்ஜினுக்குள் நன்னீரைச் சுழலவிட்டு, கடல்நீரை வெப்பமாற்றியோடு நிறுத்தும் முறை மேனிஃபோல்டைக் காப்பாற்றியது. ஈரப் புகைவழியில் ரைசருக்கு அந்த விடுதலை இல்லை. புகையை நேரே மேலே விடும் உலர்குழாய் கொண்ட படகுகளிலோ, மழைநீர் உள்ளே இறங்காமல் காக்க வேண்டும்.

1957இல் கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும், 1963இல் மீன்பிடிக் கப்பல்களுக்கான பணியாளர்களைப் பயிற்றுவிக்கும் மத்திய நிறுவனமும் தோன்றின. எனினும் அன்றாட அறிவு பட்டறையில்தான் கைமாறியது. புகையின் நிறம், குழாயின் சூடு, வெளியேறும் நீரின் அளவு ஆகியவற்றைக் கொண்டே நோயை அறிந்தார்கள். இணைப்பைக் கழற்றி, உப்பைச் சுரண்டி, கேஸ்கெட் மாற்றி, மெலிந்த பாகத்தைக் காலத்தே ஒதுக்கினார்கள்.

நீண்டகரையில் பருவமழைக் காலமே இறால் கொழித்த காலம். படகை நிறுத்தி என்ஜினைப் பிரிக்க அப்போது யார் முன்வருவார்? மரபு மீனவர்களின் நெடிய போராட்டத்துக்குப் பின் 1988இல் வந்த பருவமழை இழுவலைத் தடை மீன்வளத்துக்காக விதிக்கப்பட்டது. விளைவில் அது என்ஜினுக்கும் ஆண்டுதோறும் ஓய்வு தந்தது. 2018 முதல் அந்த ஓய்வு 52 நாள். ஆனால் வருவாய் நின்றுபோகும் அதே வாரங்களில்தான் பழுதுச் செலவும் வந்து சேர்கிறது. கையில் பணமில்லாதபோது ரைசர் 'இன்னும் ஒரு பருவம்' தாங்கும் என்று தள்ளிப்போடப்படுகிறது. அது நடுக்கடலில் கைவிட்டால், அலையில் மிதப்பவர்கள் படகில் கூலிக்கும் பங்குக்கும் சென்ற தொழிலாளர்கள்.

என்ஜின் வந்த ஆண்டு நம் ஏடுகளில் இருக்கிறது. அதைச் சாகாமல் காத்தவர்களின் அறிவு அவர்களோடே மறைந்துகொண்டிருக்கிறது. படகுப் பட்டறைகளில் உழைத்த பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருப்பின், அவர்கள் சொல்வதை இப்போதே எழுதிவையுங்கள். அதுவும் வரலாற்று ஆவணமே.